பள்ளத்துப் பங்கின் கரம்பை

தவசிக்கண்ணைப் பொறுத்தவரை துரோகம் செய்தவன் பொன்னுலிங்கம். சீட்டுப் பானைக்குள் அவன்தான் முந்திக்கொண்டு கையை விட்டான்.

அந்தச் செம்மணல் தேரியில் ஊரே சேர்ந்துதான் விவசாயம். யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. ஆடிக் காற்று மணலை வாரிக் கொட்டி வரப்பை அழித்துவிடும். காற்று அடங்கியதும் வரப்பைப் புதிதாகப் போட்டு, ஓலைச் சீட்டு எடுத்து நிலத்தைப் பங்கிடுவார்கள்.

போன வருஷம் பள்ளத்துப் பங்கு தவசிக்கண்ணுக்கு விழுந்தது. குளத்து வண்டலான கரம்பை மண்ணைத் தலைச்சுமையாகவே கொண்டுவந்து கொட்டி அந்த மணலைக் கறுப்பாக்கினார். இன்று காலை அது பொன்னுலிங்கத்தின் கைக்குப் போய்விட்டது.

தவசிக்கண் வண்டியைப் பூட்டிவிட்டார். குடும்பத்தோடு கிளம்புவதென்று முடிவு. ஊருக்கு இருந்த உழவு மாடு அந்த ஜோடி ஒன்றுதான். எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

ஆசான் நல்லபெருமாள் வந்தார். வயதில் இளையவர். ஆனாலும் மணலில் பயிர் வைக்கத் தவசிக்கண் அவரிடம்தான் கற்றார்.

"ஆசானே, நான் சுமந்ததை இன்னொருத்தன் திங்கறது நியாயமா?"

"நியாயமில்ல அண்ணாச்சி. உங்க கரம்பையை அள்ளிட்டுப் போங்க."

ஆசானே மண்வெட்டியையும் கூடையையும் எடுத்துக் கொடுத்தார். தவசிக்கண்ணுக்கு உடம்பெல்லாம் முறுக்கேறியது. பள்ளத்துக்கு ஓட்டமாய் ஓடினார். ஊரும் பின்னால் ஓடியது.

மேல் மணலை ஒதுக்கியதும் கறுப்பு தெரிந்தது.

"பாத்தீங்களா, இது என்னுது."

"தோண்டுங்க அண்ணாச்சி," என்றான் பொன்னுலிங்கம். "அப்படியே கிணறாக்கிட்டா எனக்குத் தண்ணிக் கஷ்டமும் தீரும்."

கூட்டம் சிரித்தது. தவசிக்கண் ரோஷத்தோடு ஓங்கி வெட்டினார். கரம்பை தீர்ந்து, மக்கிய ஆட்டுப்புழுக்கை வந்தது.

"இது யாருது?"

"எங்கப்பா போட்டது," என்றான் பொன்னுலிங்கம்.

இன்னும் வெட்டினார். சாம்பல் கலந்த மண் வந்தது.

"இது?"

"தெரியல," என்றார் ஆசான். "முதல்ல வந்தவங்க போட்டிருப்பாங்க. போன வருஷம் உங்க மரவள்ளி எவ்வளவு ஆழம் இறங்கிச்சு அண்ணாச்சி?"

தவசிக்கண் மண்வெட்டிக் காம்பைக் குழியில் நிறுத்திப் பார்த்தார். போன வருஷக் கிழங்கு அந்தச் சாம்பல் வரைக்கும் இறங்கியிருந்தது.

கூடையைக் குழிக்குள்ளேயே கவிழ்த்தார். ஆனால் கோபம் போகவில்லை.

"அப்ப என் கரம்பைக்கு இவன் என்ன பதில் சொல்றான்?"

பொன்னுலிங்கம் ஆசான் பக்கம் திரும்பினான்.

"பாக்கிதான் அண்ணாச்சி," என்றார் ஆசான். "அதை வாங்காம நீங்க எப்படிப் போக முடியும்?"