கல் இல்லாத அன்னப் படகு

கடலும் கரையும் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்த காலத்திலே, முத்துத்துறை என்ற பட்டினத்தில் ஆதன் என்றொரு வணிகன் இருந்தான். அவனுக்கு ஒரே மகள், வெண்ணி. அவளைக் கடலுக்கு நடுவே இருந்த தீவில் கட்டிக்கொடுக்க நிச்சயமாயிற்று.

மணப்பெண் போகும் படகை ஊரே வாய்பிளந்து பார்க்க வேண்டும் என்று ஆதனுக்கு ஆசை. அன்னம் போலவே செய்வித்தான். இரண்டு ஆள் உயரக் கழுத்து, பட்டுப் பாய், மார்பு நெடுக முத்துச்சிப்பி. அதைப் பார்த்துப் பார்த்தே அவன் சோறு தண்ணீர் மறந்தான், பாவம்.

சுக்கான் பிடிக்கும் கொற்றன், படகு காற்றில் சாயாதிருக்க, வழக்கம்போல் அதன் அடித்தட்டில் கல் அடுக்கினான். படகு கொஞ்சம் அமிழ்ந்தது, சிப்பி தண்ணீருக்குள் மறைந்தது. ஆதன் கல்லை இறக்கச் சொன்னான். மறுநாள் கொற்றன் பாதிக் கல் அடுக்கினான். அதையும் இறக்கச் சொன்னான். மூன்றாம் நாள் நாலே நாலு கல். அவையும் கரைக்குப் போயின.

“கல்லு இல்லாத படகு காத்துக்கு நிக்காதுங்க ஐயா,” என்றான் கொற்றன்.

“ஒரு பகல் பயணம்தானேப்பா. பாக்கிறவங்க கண்ணு நிறையட்டும்,” என்றான் ஆதன்.

பயண நாளில் ஆதனும் வெண்ணியும் துடுப்புக்காரர்களும் ஏறினார்கள். அப்படிப்பட்ட படகில் வெண்ணியை விட்டுவிட மனமில்லாமல் கொற்றனும் ஏறினான்.

பால் போன்ற பனியில் அன்னம் மிதந்தது. துடுப்புச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. ஆதன் கண் சொக்கி நின்றான்.

நடுக்கடலில் காற்று எழுந்தது. முதல் வீச்சில் படகு சாய்ந்தது. இரண்டாம் வீச்சில் பாய் கிழிந்தது. மூன்றாம் வீச்சில் தண்ணீர் உள்ளே ஏறியது.

“எல்லாரும் அடியில படுங்க. இப்ப நாமதான் கல்லு,” என்றான் கொற்றன். “ஐயா, அந்தக் கழுத்துதான் நம்மளக் கவுக்குது. வெட்டுங்க.”

ஆதன் அன்னத்தைப் பார்த்தான். அழுக்குத் தண்ணீரில் கூறைப்புடவையோடு படுத்து நடுங்கும் மகளைப் பார்த்தான். படகில் கிடந்த கோடரியை எடுத்தான். மூன்றே வெட்டு. கழுத்து கடலில் விழுந்தது. பிறகு அவனும் மகளருகே படுத்து, வெட்கமில்லாமல் அழுதான். படகு மெல்ல நிலைக்கு வந்தது.

தீவுக் கரையில் மாப்பிள்ளை வீட்டார் எட்டி எட்டிப் பார்த்தார்கள். “அன்னப் படகுன்னாங்களே, அன்னம் எங்க?”

நனைந்த உடம்போடு ஆதன் மகளின் கையைப் பிடித்து இறக்கினான்.

“அது கடலோட போச்சு சம்பந்தி. பொண்ணு வந்துட்டா,” என்றான்.

ஆகையால் கேளுங்கள்: பார்ப்பவர் கண்ணுக்காக மட்டும் செய்த பொருள், நம்பி ஏறியவர் உயிரைக் காக்காது.