கடைசி மணியை விழுங்கியவள்

முன்னொரு காலத்தில், மேகங்கள் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போன காலத்தில், வெண்கலப்பட்டணம் என்று ஒரு நகரம் இருந்தது. அதன் நடுவே உயரமான மணிக்கூண்டு. உச்சியில் சொம்பு அளவு மணியிலிருந்து யானை அளவு மணி வரை வரிசை வரிசையாய்த் தொங்கும். அவற்றுக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன அறை. அங்கே இருக்கும் மரக்கட்டைகளை முஷ்டியால் தட்டினால் கம்பி இழுக்கும், மணி பாடும். சாயங்காலமானால் ஊரே சதுக்கத்தில் கூடிக் கேட்கும்.

வாசித்தவள் பெயர் கோமளை.

ஒருநாள் கருவாலன் என்ற மந்திரவாதி மேலே வந்தான். “இனிமேல் என் மாளிகைக்கு மட்டும் கேட்கும்படி வாசி” என்றான்.

“இது ஊர் மணி. ஒருத்தருக்காக மட்டும் வாசிக்க மாட்டேன்” என்றாள் கோமளை.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்படியானால் ஊருக்கே வாசி. ஆனால் இந்த அறையை விட்டு நீ இறங்க முடியாது. நீ கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. உன் பேரும் முகமும் ஊருக்கு மறந்துபோகும். கால்விரலிலிருந்து வெண்கலமாகிக்கொண்டே வருவாய். அது உச்சந்தலையைத் தொட்டால் நீயும் ஒரு மணி. அதற்குள் யாராவது தானாகப் படியேறி வந்து ‘யார் நீ’ என்று கேட்டால் தப்பித்தாய். இந்த ஊரில் யார் கேட்கப் போகிறார்கள்?” சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அன்றிலிருந்து அவளுக்குத் துணை ஒரு வவ்வால்தான். அது பேசுவது அவளுக்கு மட்டும் புரியும். பாதி தின்ற கொய்யாவைக் கொண்டுவந்து கொடுக்கும், ஊர்ச் செய்தியும் சொல்லும்.

கோமளை சந்தோஷமான பாட்டை வாசித்தாள். கீழே குழந்தைகள் குதித்து ஆடினார்கள்.

“என்ன சொன்னாங்க?”

“மணி நல்லா இருந்துச்சுன்னாங்க.”

“யார் வாசிச்சதுன்னு கேட்டாங்களா?”

“கேக்கல.”

வெண்கலம் முழங்காலுக்கு ஏறியது. அவள் சோகமான பாட்டை வாசித்தாள். கீழே பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“என்ன சொன்னாங்க?”

“மணி நல்லா இருந்துச்சுன்னாங்க.”

“யார் வாசிச்சதுன்னு கேட்டாங்களா?”

“கேக்கல.”

வெண்கலம் இடுப்புக்கு ஏறியது. அவள் தாலாட்டு வாசித்தாள். அம்மாக்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்த முறை கோமளை வவ்வாலிடம் எதுவும் கேட்கவில்லை. காலியான சதுக்கத்தைப் பார்த்து அழுதாள். அவளைச் சுற்றி ஒரு ஊரே இருந்தது, அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

ஊரைத் திட்டாதீர்கள். நீங்களும் நானும் அப்படித்தான். பாட்டு நன்றாக இருந்தால் தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுவோம். குறை இருந்தால்தான் ஆளைத் தேடுவோம்.

அது கோமளைக்கும் உறைத்தது. “நாளைக்குத் தப்பா வாசிக்கப்போறேன்” என்றாள். அவள் ஒரு மணியைக்கூடத் தவறவிட்டதே இல்லை.

ஒவ்வொரு நாளும் கடைசிப் பாட்டு பெரிய மணியில்தான் முடியும். மறுநாள் அந்தக் கட்டைக்கு மேலே தூக்கிய முஷ்டியை அவள் இறக்கவில்லை. மணி ஒலிக்கவில்லை. ஊர் அண்ணாந்து பார்த்தது, பிறகு கலைந்து போனது.

அடுத்த நாளும் மணி ஒலிக்கவில்லை. ஊர் முணுமுணுத்தது, பிறகு கலைந்து போனது. வெண்கலம் கழுத்துக்கு வந்துவிட்டது. ஒரு கை மட்டும்தான் மிச்சம்.

மூன்றாம் நாளும் மணி ஒலிக்கவில்லை. அப்போது படிக்கட்டில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. பால்காரர் சடையாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவோடு ஏறி வந்தார்.

“யாரு தாயி நீ? அந்தக் கடைசி மணிய எதுக்கு முழுங்குற? அத கேட்டாத்தான் என் எருமை பால் விடும். மூணு நாளா மடி கட்டிப்போய் அது கத்துது. நான் எங்க போய் முட்டிக்க?”

கோமளையின் உடம்பிலிருந்து வெண்கலம் செதில் செதிலாய் உதிர்ந்தது. அவள் அழுதாள், சிரித்தாள்.

“அண்ணே, இன்னொரு தடவை திட்டுங்க” என்றாள்.

சடையாண்டி திகைத்துப் போனார். “சாப்பிட்டியா தாயி?” என்று மட்டும் கேட்டார்.

அவள் முஷ்டியை ஓங்கிக் கடைசி மணியைத் தட்டினாள். கீழே எருமை பால் விட்டது. அதே நேரம், விட்ட சாபம் அவன்மேலேயே திரும்ப, மாளிகையில் இருந்த கருவாலன் நாக்கில்லாத வெண்கல மணியாகிப் போனான். புயலே அடித்தாலும் அவனிடமிருந்து சத்தம் வராது.

சடையாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு கோமளை படியிறங்கி வந்தாள். ஊர் தலைகுனிந்து நின்றது. அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் கடைசி மணி அடங்கியதும் யாராவது ஒருத்தர் சொம்பில் பாலோடு மேலே ஏறுவார். வாசலில் நின்று “யாரு தாயி நீ?” என்று கேட்பார். அவளும் சலிக்காமல் “கோமளை” என்பாள். வவ்வாலுக்கு முழுக் கொய்யாவே கிடைத்தது.

மணி அடித்தாயிற்று, பாலும் கறந்தாயிற்று. எழுந்து வீட்டுக்குப் போங்கள். ஆனால் இவ்வளவு நேரம் கதை சொன்னவன் யாரென்று ஒருத்தராவது கேட்டீர்களா?