மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்த வீடு

சிக்கனம் பற்றிப் பேசிப் பேசியே பங்களா வாங்கியவர் கோதண்டபாணி. கூட்டத்துக்குக் கூட்டம் ஒன்றையேதான் சொல்வார். "வாடகை சம்பளத்துல மூணுல ஒரு பங்குதான் இருக்கணும். மீறினா தப்பு உங்க மேல."

அவர் ஆபீசில் டீ போடுகிற பூங்கோதை ஒருநாள் கேட்டேவிட்டாள். "நீங்க குடுக்கற சம்பளத்துல அப்படி ஒரு வீடு சென்னையில எங்க சார் இருக்கு? சம்பளத்த ஏத்துங்க."

"இந்த மாசத்துக்குள்ள பிடிச்சுக் காட்டு. இல்லேன்னா வேலைக்கு வராத."

பிடித்துவிட்டாள். பால் காய்ச்ச அவரையே கூப்பிட்டாள். ஜெயித்த மிதப்பில் போனில் லைவ் போட்டுக்கொண்டே வந்தார்.

ஒரே அறை, ஜன்னல் கிடையாது. பால் பொங்கப்போகும் நேரம், அவர் காதோரம் யாரோ 'ஃபூ' என்று ஊத, அடுப்பு அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள். மறுபடி 'ஃபூ'.

"யாரும்மா ஊதறது?"

"முன்னாடி குடியிருந்த அக்கா சார். இங்கதான் செத்தாங்க. அதனாலதான் வாடகை உங்க கணக்குக்குள்ள வருது. அவங்க இல்லாத வீட்டுக்குச் சம்பளத்துல முக்கால்வாசி கேக்கறாங்க. உங்க கணக்கு சரின்னா இன்னிக்கு ராத்திரி இங்க தங்குங்க. தப்புன்னா சம்பளத்த ஏத்துங்க."

லைவ் பார்த்தவர்கள், 'சார், உங்க பின்னாடி நிக்கறது யாரு?' என்று எழுத ஆரம்பித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏத்தறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

சம்பளம் ஏறியும் பூங்கோதை அங்கேயேதான் இருக்கிறாள். பயமாக இல்லையா என்று கேட்டால், "அக்கா இருக்கற வரைக்கும் வீட்டுக்காரர் வாடகைய ஏத்த வரமாட்டார்" என்கிறாள்.