டவுன் பஸ்ஸில் வந்த கார் நிழல்

பொய் சொல்வதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் கேட்கிற ஆளுக்கும் மண்டைக்குள் ஏதோ கொஞ்சம் இருக்கும் என்கிற மரியாதை வேண்டாமா? சூலூர் பிரிவில் பழைய கார் வாங்கி விற்கும் தண்டபாணி அண்ணனிடம் அந்த மரியாதை கடுகளவும் கிடையாது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் அப்பா நாச்சிமுத்துவுக்கு சிங்காநல்லூரில் இட்லி மாவு வியாபாரம். தினமும் விடியற்காலையில் முப்பத்திரண்டு கடைகளுக்கு மாவு டப்பாக்களை எங்கள் வெள்ளை வேனில் கொண்டுபோய் இறக்குவார். வீட்டில் அடுப்பு எரிவதும் நான் பல்கலைக்கழகம் போவதும் அந்த வேனால்தான். இப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்துவிட்டது. அவிநாசி ரோட்டில் எல்லா வண்டியும் அவரை முந்திக்கொண்டு போகிறதாம்.

"ஒரே ஒரு தடவையாவது நான் ஒருத்தனை முந்தோணும் கண்ணு" என்றார்.

தண்டபாணி அண்ணன் அதற்கு வழி சொல்லியிருந்தார். வேனைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கு ஒன்று. அப்பா சரி என்றுவிட்டார். அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம். விஷயம் தெரிந்ததும் என்னைப் போனில் பிடித்தாள். "நீயும் கூடப் போ. வேன் வீட்டுக்கு வரலைன்னா நீயும் வராத."

"அது ரெண்டு பேர் உட்கார்ற கார்ப்பா. மாவு டப்பாவை எங்க வைப்பீங்க?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பக்கத்து சீட்டுல மடியில வெச்சுக்க ஒரு ஆள் போட்டுக்கலாம்."

இந்த மனிதரைத் தனியாக அனுப்ப முடியுமா, சொல்லுங்கள். நான் படிப்பது எம்.எஸ்சி. புள்ளியியல். ஒரு பொருள் எத்தனை நாள் பழுதாகாமல் ஓடும் என்று கணக்குப் போடுவதற்கென்றே எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. பதினான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் கைமாற்ற வேண்டும் என்று ஷெட்டில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தயாராக இருந்தது. அப்பா போனதும் போகாததுமாக வேன் சாவியை எடுத்து வெற்றிலை மேல் வைத்துவிட்டார். அந்தத் தட்டை தண்டபாணி அண்ணன் கையில் வாங்கிவிட்டால் அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் பத்திரம்கூட அதற்கு அப்புறம்தான்.

தார்ப்பாயை உருவினார்கள். சிவப்புக் கார். உட்கார வேண்டுமென்றால் படுக்கப் போகிற மாதிரி குனிய வேண்டும். அப்பா கண் கலங்க நின்றார். நான் தாளைப் பிரித்தேன்.

"அண்ணா, முதல் கேள்வி. இன்ஜின் சூடாகுமா?"

"சூடா? அம்மிணி, போன சித்திரையில, கொளுத்தற வெயில்ல பொள்ளாச்சி போனனுங்க. போன வேகத்துல காத்து ரேடியேட்டருக்குள்ள பூந்து தண்ணியெல்லாம் ஐஸ்கட்டியாப் போச்சு. கிணத்துக்கடவுல நிறுத்தி, ஒடச்சு எடுத்து, சர்பத் கடைக்காரனுக்குக் குடுத்துட்டு வந்தேன். அன்னைக்குப் பூராவும் அவன் வெளியில ஐஸே வாங்கலீங்க."

"ரேடியேட்டர் தண்ணியில சர்பத்தா?"

"கூட்டம் தாங்கலீங்க! ஏனுங் ரங்கண்ணா, உண்மைதானுங்களே?"

ரங்கண்ணன் அந்த ஷெட்டின் வாட்ச்மேன். முதலாளி சொல்வதற்கு ஆமாம் போடுவதும் அவர் வேலையில் சேர்த்தி போலிருக்கிறது.

"ஆமாங்க. நானும் ரெண்டு டம்ளர் குடிச்சேன். சித்தெ டீசல் வாசம் அடிச்சுது."

"இது பெட்ரோல் காருங்கண்ணா" என்றேன்.

"அதானுங்க அம்மிணி எனக்கும் ஆச்சரியம்."

அப்பா சிரிக்கவில்லை. காரின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மைலேஜ் எவ்வளவு?"

"அதை லிட்டர்ல சொல்ல முடியாதுங்க. ஊட்டியில இருந்து எறங்குனா இதுக்குப் பெட்ரோல் கூடும். ஒருக்கா மேட்டுப்பாளையம் வரதுக்குள்ள டேங்க் ரொம்பி ரோட்டுல வழியுது. பங்க்ல நிறுத்தி, பதினெட்டு லிட்டரை அவங்களுக்கு ஊத்திக் குடுத்துட்டுத்தான் வந்தேன். அந்த மேனேஜர் எனக்கு ரசீது போட்டுக் குடுத்தாருங்க."

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "சரி, ஏறும்போது எவ்வளவு குடிக்கும்?"

"ஏறுனதே இல்லீங்களே. எறங்க மட்டுந்தான்."

"ஏறாம எப்படிண்ணா எறங்குவீங்க?"

"அதாங்க இந்தக் காரோட சாமர்த்தியம்."

அப்பா தலையை ஆட்டினார். "சாமர்த்தியமான வண்டி கண்ணு." வாதம் என்றால் ஒரு பக்கமாவது தர்க்கம் இருக்க வேண்டும். இங்கே நான் ஒரு பக்கம், மற்ற மூவரும் காற்றில்.

பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். அவிநாசி ரோட்டில் ஒரு தடவை லேசாகக் காலை வைத்தாராம், ரோடு மொத்தமும் நின்றுவிட்டதாம். பீளமேட்டு மண்டபம் ஒன்றில் தாலி கட்டப் போன மாப்பிள்ளையின் கை அந்தரத்திலேயே நின்றதாம். இவர் காலை எடுத்த பிறகுதான் மூன்று முடிச்சும் விழுந்ததாம். "இன்னைக்கும் அந்தக் கல்யாணப் புள்ள என்னையக் கண்டா மொறைக்குங்க."

மெக்கானிக் யார் என்று கேட்டேன். எட்டு வருடம் இந்தக் காரை நம்பிக் காத்திருந்து, ஒரு நட்டுகூடக் கழலாததால் மனசு வெறுத்துப்போய் பேக்கரி வைத்துவிட்டானாம்.

நான் வேகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்பா திறந்தார். "வேகம் எப்படிங்க?"

தண்டபாணி அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காத்தால ஆறு மணிக்கு இங்கிருந்து சேலம் கெளம்புனனுங்க. போய் எறங்கி மணி பாத்தா அஞ்சே முக்கால். நான் கெளம்பறதுக்குக் கால்மணி நேரம் நான் அங்க காத்திருக்கோணும். அதுகூடப் பரவால்லீங்க. வெயிலு வந்துட்டுது, காருக்குக் கீழ பாத்தா நெழலைக் காணோம். பெருந்துறை தாண்டறப்பவே பின்தங்கிப் போயிருக்குது. நான் திரும்பி வந்து, குளிச்சு, சாப்பிட்டு ஒறங்கி எந்திரிச்சப்புறம், பொழுதோட அது டவுன் பஸ் மாறி மாறிப் புடிச்சு வந்து சேர்ந்துச்சு."

"நிழல் டிக்கெட் எடுத்துச்சா?"

"சீட்டுக்கு அடியில படுத்துட்டு வந்துச்சுங்க. நெழலுக்கு ஏது டிக்கெட்?"

"ஆமாங்க" என்றார் ரங்கண்ணன். "களைச்சுப் போய் வந்துச்சு. நாந்தான் டீ வாங்கிக் குடுத்தேன். சக்கரை இல்லாம."

எனக்கு ரத்தம் கொதித்தது. தாளை மடித்துப் பைக்குள் திணித்தேன். "இதெல்லாம் வேண்டாம். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

"ஐயோ அம்மிணி, ஷெட்டுக்குள்ள ஸ்டார்ட் பண்ணுனா சூலூர் முழுக்க ஜன்னல் கண்ணாடி தங்காதுங்க."

நானே போய் முன் மூடியைத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஒரு பெட்டைக்கோழி எழுந்து என்னைப் பார்த்து உறுமியது. அதன் கீழே பதினொரு முட்டை. வைக்கோல் வேறு.

"பாருங்கப்பா!" என்று கத்தினேன். "கோழி அடைகாக்கற அளவுக்கு இந்தக் கார் நின்ன இடத்துலயே நிக்குது!"

தண்டபாணி அண்ணன் இமைகூடக் கொட்டவில்லை. "நின்ன வண்டியில கோழி அடைகாக்குமுங்களா? இன்ஜின்ல இருந்து வர இதமான சூடு அப்படி. சேலம் போறப்பவும் இதே கோழிதான் உள்ள உக்காந்திருந்துச்சு, ஒரு முட்டை நகரலை. குலுக்கலே கெடையாதுங்க. பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரங்க தெனமும் வந்து கெஞ்சறாங்க, காரை எங்களுக்குக் குடுங்கன்னு. நான்தான் நாச்சிமுத்தண்ணனுக்குன்னு வெச்சிருக்கேன்."

அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. மணி பத்து இருபது. தாம்பாளத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லி ஜெயிக்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, இந்தச் சந்தையில் எந்தக் காசு செல்லுமோ அதையே எடுப்போம்.

"இருங்கப்பா. அண்ணன் என்ன வாங்கறாருன்னு அவருக்குத் தெரிய வேண்டாமா? அண்ணா, இந்த வேனுக்குப் பெட்ரோல் போட்டு ஆறு வருஷம் ஆச்சு."

தண்டபாணி அண்ணன் திரும்பினார். "அப்படீங்களா?"

"புளிச்ச மாவுல இருந்து கிளம்பற வாயுவுலதான் ஓடுது. பானெட் மேல இட்லித் தட்டை வெச்சுக் கட்டிட்டுக் கிளம்பினா, கடைக்குப் போறப்ப இட்லி வெந்திருக்கும். சட்னி மட்டும் தனியா எடுத்துட்டுப் போகணும்."

"ம்."

"ஒரு நாள் டப்பா மூடி சரியா மூடலை. மாவு பொங்கி, வேனுக்குள்ள நிரம்பி, கீழ வழிஞ்சு, வேனையே தூக்கிருச்சு. சிங்காநல்லூர் சிக்னலுக்கு மேல மிதந்து போனோம். டிராபிக் போலீஸ்காரர் அண்ணாந்து பாத்து விசில் அடிக்கறாரு. அப்பா மேல இருந்தே மாவை ஊத்தினாரு. கீழ ஒவ்வொரு கடைக்காரரும் ஏந்தின பாத்திரத்துல, ஒரு சொட்டு சிந்தாம விழுந்துச்சு."

அப்பா என்னையே பார்த்தார். "இது எப்பக் கண்ணு?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்கப்பா."

"தூங்கிட்டேவா ஊத்துனேன்?"

"அவ்வளவு பழக்கம். இன்னொரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். வேன் தானாவே கிளம்பிப் போய் முப்பத்திரண்டு கடைக்கும் மாவு போட்டுட்டு வந்து, வாசல்ல நின்னு ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுது. ஒரே ஒரு கடைக்கு மட்டும் ஒரு டப்பா கூடுதலாப் போட்டுருச்சு. அந்தக் கடைக்கு முன்னாடி ஒரு மஞ்சள் வேன் நிக்கும்."

தண்டபாணி அண்ணன் வாய்விட்டுச் சிரித்துத் தொடையைத் தட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் மனிதரின் கண் போன திசையைப் பார்த்தேன். வாசலில் நிற்கும் எங்கள் வேனைப் பார்த்த பார்வையில் அத்தனை ஆசை.

"நம்பறனுங்க அம்மிணி, எல்லாத்தையும் நம்பறேன்! இப்பேர்ப்பட்ட வண்டியையா உடுவேன்?" என்று தட்டுக்கு இரண்டு கையையும் நீட்டிவிட்டார். என் வாயாலேயே எங்கள் வேனை விற்றுக் கொடுத்திருந்தேன். அம்மா முகம் கண்முன் வந்தது. பதறிப்போய், புளுகு எதுவும் கைக்கு அகப்படாமல், உண்மையே வாயில் வந்துவிட்டது.

"பதினெட்டு வருஷமா இந்த வேன் ஒரு நாள்கூட ரோட்டுல நின்னதில்லைண்ணா! ஒரு நாள்கூட, ஒரு கடைகூட, எங்க மாவுக்காகக் காத்திருந்ததில்லை!"

நீட்டிய கை நின்றது. தண்டபாணி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மிதந்துதுன்னீங்க, சரின்னேன். தானாப் போச்சுன்னீங்க, அதுக்கும் சரின்னேன். அதுக்குன்னு இப்படியா அம்மிணி? பதினெட்டு வருசத்துல ஒரு நாள்கூட நிக்காத வண்டி ஏதுங்க ஒலகத்துல? பொய்யின்னாலும் ஒரு அளவு வேண்டாமுங்களா?"

தட்டு மெல்லக் கீழே இறங்கியது. அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அப்பாவின் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"எதுங்க பொய்யி?"

"இல்லீங்கண்ணா, புள்ள சும்மா ஒரு பேச்சுக்கு..."

"எதுங்க பொய்யின்னு கேட்டேன். ஊரே மெதந்த பெருமழையில முட்டளவு தண்ணியில போயிருக்குதுங்க. இவளுக்கு மஞ்சக்காமாலை கண்டு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தே எடுத்துட்டுப் போயி முப்பத்திரண்டு கடைக்கும் மாவு போட்டுட்டு, இவ கண்ணு முழிக்கறதுக்குள்ள திரும்பி வந்து பக்கத்துல உக்காந்தனுங்க. நின்னுதா அன்னைக்கு? உங்க கார் நெழலு டவுன் பஸ்ல வந்துச்சுன்னீங்க, கேட்டுட்டு இருந்தனில்ல? எம்பட வேனைப் பொய்யிங்கறீங்களே!"

வெற்றிலையை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தார். வேன் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது. நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

தண்டபாணி அண்ணன் பின்னாலேயே ஓடிவந்து சத்தம் போட்டார். "போங்கண்ணா, போங்க! இந்தக் காருக்கு வெளியில நூறு பேரு வரிசையில நிக்கறாங்க, தெரிஞ்சுக்குங்க!"

ரங்கண்ணன் ரோட்டில் இறங்கி, இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"நிக்கறவங்களைச் சித்தெ தள்ளி நிக்கச் சொல்லுங்க மொதலாளி. அண்ணன் வேன் ரிவர்ஸ் எடுக்கோணும்."