கையை வீசிக்கொண்டு

மலையடிவாரத்து மடத்தில் சாமியாருக்கு முன்னால் வந்து உட்கார்ந்த வைரவநாதனுக்கு மறுபடி எழுந்திருக்கவே மனமில்லை. நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். தெர்மாகோல் டப்பாவையும் பிளாஸ்டிக் பையையும் தடை செய்து சட்டம் வந்த நாளிலிருந்து கடை கடையாக ஏறி இறங்குகிறார். காலையில் பறிமுதல் செய்தால் சாயங்காலம் அதே கடையில் புதுக் கட்டு வந்து இறங்கிவிடுகிறது. கடைக்காரர்களுக்கு அவர் பேரைக் கேட்டாலே வேப்பங்காய்.

"அலுத்துப் போச்சு சாமி," என்றார். "கோயில் வாசல்ல சோறு விக்கிற பவுனம்மா மூணாவது தடவையும் மாட்டிக்கிட்டா. நாளைக்குக் கடைக்கு சீல் வைக்கணும். நாலு வயிறு அந்த அடுப்பை நம்பி இருக்கு. வச்சா பாவம். வைக்கலேன்னா இந்த வேலையில நான் எதுக்கு? என்ன செய்யட்டும்?"

"சமையல்காரர் இன்னிக்கு வரலை," என்றார் சாமி. "எனக்குப் பசிக்குது. அவ கடையிலேயே கொஞ்சம் சாம்பார் சோறு வாங்கிட்டு வா."

சாமிக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். கோயிலில் உச்சிக்கால மணி அடித்துவிட்டால், மறுநாள் வரை பச்சைத் தண்ணீர் மட்டும். வைரவநாதன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

அவரைக் கண்டதும் பவுனம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்குன்னுதானே சார் சொன்னீங்க?"

"சோறு வாங்க வந்தேம்மா. சாமிக்கு."

"பாத்திரம்?"

வைரவநாதன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். பாத்திரம் கொண்டு போங்கள் என்று ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகக் கத்தியது அவர் குரல்தான்.

"இலையில கட்டிக் குடு."

"முகூர்த்த நாள் சார். இலைக்கு எங்க போவேன்?"

"வீட்டுத் தூக்கு ஒண்ணு?"

"இருந்ததையெல்லாம் ஆளுக்கு ஒண்ணா குடுத்தனுப்பினேன். ஒண்ணுகூடத் திரும்பி வரலை. எல்லாரும் உங்கள மாதிரி கைய வீசிக்கிட்டுதான் சார் வர்றாங்க."

கோயிலில் உச்சிக்கால மேளம் தொடங்கியது. அது முடிந்தால் மணி.

"எதுலயாவது போட்டுக் குடும்மா. சீக்கிரம்."

"எதுலயாவதுன்னா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பவுனம்மா அரிசி மூட்டைக்கு அடியில் கையை விட்டு ஒரு வெள்ளை டப்பாவை உருவினாள். நேற்றுச் சோதனையில் அந்த மூட்டையை அவர் புரட்டிப் பார்க்கவில்லை.

மணி அடிப்பதற்குள் மடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். சாமி சோற்றைத் தன் தட்டில் கொட்டி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு டப்பாவைக் கழுவி வைரவநாதன் முன்னால் வைத்தார்.

"அவளாக் குடுக்கலை சாமி. நான்தான் கேட்டு வாங்கினேன்."

"தெரியுது."

"இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ கடைக்கு சீல் வைப்பேன்? வைக்காமத்தான் எப்படி இருப்பேன்?"

சாமி உள்ளே போய்ப் பழைய தூக்குவாளி ஒன்றை எடுத்து வந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்குப் போறப்ப இதை எடுத்துட்டுப் போ," என்றார். "நாளைக்கும் எனக்குப் பசிக்கும்."