பன்னிரண்டாவது நாற்காலி

“சாமி, என் காலை மட்டும் யாரும் கழுவவே மாட்டாங்களா?”

குருத்து ஞாயிறு பூசை முடிந்து, கையிலிருந்த குருத்தோலையைக்கூடக் கீழே வைக்காமல் சந்தியாகு இப்படிக் கேட்டார். புளியங்கரட்டு மாதா கோயிலின் கோயில்பிள்ளை அவர். மணி அடிப்பது, பீடம் துடைப்பது, கதவு பூட்டுவது எல்லாம் அவர்தான். வயது ஐம்பத்தாறு.

பங்குத்தந்தை ஜெரோம் சாமிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“என்னண்ணே, திடீர்னு?”

“திடீர்னு இல்ல சாமி. பதினெட்டு வருசமா மனசுல கெடக்கு.”

விஷயம் இதுதான். ஆண்டவர் தம்முடைய சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் பூசையில் ஊர்க்காரர் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். சாமியார் முழந்தாளிட்டு அவர்கள் காலைக் கழுவுவார். யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்பதை அதற்கு நாலு நாள் முன்னால், குருத்து ஞாயிறன்று வாசிப்பார்கள். கறி தொடாத தவக்காலமாக மட்டும் இல்லாதிருந்தால், பேர் வந்த வீட்டில் அன்றைக்கே கிடா வெட்டியிருப்பார்கள். அவ்வளவு பெருமை.

சந்தியாகுவின் பேர் வந்ததே இல்லை.

காரணம் எளிது. சாமியார் தண்ணீர் ஊற்றும்போது கீழே தாம்பாளம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தோளில் துண்டோடு, முழந்தாளாலேயே நாற்காலி நாற்காலியாக நகர வேண்டும். நாலு சாமியார்கள் மாறிவிட்டார்கள். தாம்பாளம் பிடிக்கிறவர் மாறவில்லை.

“பேரு மட்டும் அப்போஸ்தலர் பேரு,” என்றார் சந்தியாகு. “அந்தப் பன்னெண்டுல ஒருத்தனா ஒரு வருசம்கூட உட்காந்ததில்ல. ஞானமுத்து அய்யா பேரு இது மூணாவது தடவை வருது. ஆண்டவரு எல்லாரையும் பேர் சொல்லித்தான கூப்பிட்டாரு? என்னைக் கூப்பிடலையே. அப்ப நான் சீடனா, வேலைக்காரனா?”



ஜெரோம் சாமி மேசையில் கிடந்த பட்டியலை எடுத்தார். பன்னிரண்டாவது பேர் ராயப்பன். மகளுக்குப் பிரசவம் என்று அவர் முந்தின நாளே திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார். பேர் வாசித்தபோது ஆள் இல்லை.

சாமியார் அந்தப் பேரை அடித்துவிட்டு, பக்கத்தில் சந்தியாகு என்று எழுதினார்.

“உட்காருங்க.”

“தாம்பாளம் யாரு பிடிப்பா?”

“அதை நான் பாத்துக்கிறேன்.”

அந்த நாலு நாளும் சந்தியாகுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வியாழக்கிழமை மதியம் கிணற்றடியில் உட்கார்ந்து, செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்தார். சோப்புப் போட்டார். மறுபடியும் தேய்த்தார். மனைவி லூர்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

“கழுவப்போறதே காலை. அதைக் கழுவிட்டுத்தான் போகணுமா?”

“எல்லாரும் அப்படித்தான்டி வருவாங்க.”

அது உண்மை. பதினெட்டு வருடத்தில் அந்தத் தாம்பாளத்தில் அழுக்குத் தண்ணீர் விழுந்து அவர் பார்த்ததில்லை. ஆண்டவருக்கு முன்னால் அழுக்குக் காலை நீட்டுகிற துணிச்சல் புளியங்கரட்டில் யாருக்கும் கிடையாது.

மாலை ஆறு மணிக்குப் பூசை.

பன்னிரண்டாவது நாற்காலியில், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு சந்தியாகு உட்கார்ந்தார். கோயில் நிறைய ஜனம். லூர்து மூன்றாவது வரிசையில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

கண்ணைத் திறந்தபோது, தாம்பாளம் பிடிக்க யாரும் வந்திருக்கவில்லை.

ஜெரோம் சாமி மேலுடுப்பைக் கழற்றி வைத்தார். துண்டை இடுப்பில் கட்டினார். ஒரு கையில் தாம்பாளம், ஒரு கையில் செம்பு. தனியாக வந்து முதல் நாற்காலிக்கு முன்னால் முழந்தாளிட்டார்.

தண்ணீர் பாதி தாம்பாளத்தில் விழுந்தது, பாதி தரையில். துண்டு அவிழ்ந்தது. சாமியார் அதை இழுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

நாலாவது நாற்காலியில் ஞானமுத்துப் பெரியவர். பஸ் விபத்தில் அடிபட்ட இடது முழங்கால் மடங்காது. கணுக்காலுக்கு அடியில் கை கொடுத்து, மெதுவாகத் தூக்க வேண்டும். அது சந்தியாகுவுக்குத் தெரியும். சாமியாருக்குத் தெரியாது. அவர் பாதத்தைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்தார்.

பெரியவர் முகம் கோணியது. பூசை நேரத்தில் எப்படிச் சத்தம் போடுவது? உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சந்தியாகு நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். எழுந்தால் போச்சு. இன்னும் ஏழெட்டுப் பேர்தான். பதினெட்டு வருடம் காத்திருந்தாகிவிட்டது, இன்னும் பத்து நிமிடம் காத்திருக்க முடியாதா?

சாமியார் மறுபடியும் இழுத்தார்.

சந்தியாகு எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. சாமியார் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கித் தரையில் வைத்தார். ஈரத்திலேயே முழந்தாளிட்டார். பெரியவரின் கணுக்காலுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார்.

“வந்துட்டியாப்பா,” என்றார் பெரியவர், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

சந்தியாகு நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். இதே நிம்மதியை எத்தனை வருடமாக எத்தனை முகங்களில் பார்த்திருக்கிறார். இவ்வளவும் தனக்குக் கிடைத்திருக்கிறதே என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நெஞ்சு நிறைந்துபோனது. கண் கலங்கினால் தண்ணீர் ஊற்றுவது தெரியாது என்பதால் அடக்கிக்கொண்டார்.

ஐந்தாவது நாற்காலி. ஆறாவது. பதினொன்று.

பன்னிரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. சாமியார் அதைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். சந்தியாகு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பூசை தொடர்ந்தது.

எல்லாம் முடிந்து, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் உடுப்பு அறையில் அவர் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேட்டி முழங்கால் வரை அழுக்கும் ஈரமுமாக இருந்தது. செங்கல் போட்டுத் தேய்த்த குதிகாலில் நன்றாகப் புழுதி ஏறியிருந்தது.

ஜெரோம் சாமி துண்டை மறுபடியும் இடுப்பில் கட்டிக்கொண்டு, செம்பில் தண்ணீரோடு வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்கண்ணே. பட்டியல்ல உங்க பேரு இருக்கு.”

சந்தியாகு ஸ்டூலைப் பார்த்தார். நாலு நாளைக்கு முன்னால் என்றால் ஓடிப்போய் உட்கார்ந்திருப்பார்.

“சாமி, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“அன்னைக்கு ஆண்டவரு எல்லாரு காலையும் கழுவினாரு. அவரு காலை யாரு கழுவினாங்க?”

‘சீடனா, வேலைக்காரனா’ என்ற கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமையே ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்ததாக ஜெரோம் சாமி பின்னாளில் சொல்லியிருக்கிறார். நல்ல பதில்தானாம்.

அதை அவர் சொல்லவில்லை. செம்பைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து, சந்தியாகுவின் தோளில் போட்டார்.