சொறி அடைத்த வடிகட்டி

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் படகுகளுக்கு ஏசி பார்க்கும் ஜெசிந்தாவுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் தவசிமுத்து. குருவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஐஸ் கம்பெனியிலும் மீன் லாரிகளிலும் வேலை பார்த்துத் தலை நரைத்த பிறகு படகுக்கு வந்தவர். ஜெசிந்தா முன்பு ஐடிஐயில் பாடம் எடுத்தவர் என்பதால் துறைமுகமே அவரை டீச்சர் என்றது. தவசிமுத்துவும் அப்படியே கூப்பிட்டார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்றார். இதில் அவர்கள் இருவருக்கும் சங்கடமில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

அக்கினி வெயில் நாளொன்றில் கேப்டன் கொரைராவின் படகிலிருந்து, ஏசி நின்றுவிட்டது என்று ஆள் வந்தது.

கேப்டனுக்கு நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கரையில் சாக மாட்டேன் என்று அடம்பிடித்துத் தன் படகிலேயே வந்து படுத்துக்கொண்டார். நடுத் துறைமுகத்தில் நங்கூரம் போட்ட படகு, கீழ்த்தளத்து அறை, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மேல்தளத்தில் வாடகை ஜெனரேட்டர் ஓடியது. ஏசி ஓடினால் மூச்சு ஓரளவு நிதானமாக வரும். நின்றால் அறை கொதிக்கும். ஒவ்வொரு மூச்சையும் அவர் பிடுங்கி எடுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு வலிக்கும்.

முதலில் தவசிமுத்துதான் போனார். டீச்சர் பின்னால் வள்ளத்தில் வந்து சேர்ந்தார்.

“என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?”

“கேஸ் போட்டேன்.”

“அப்புறம்?”

“ஓடிச்சு, நின்னுட்டு. இன்னும் கொஞ்சம் போட்டேன்.”

“அப்புறம்?”

“முன்னைவிட சீக்கிரமா நின்னுட்டு.”

லாரியில் குளிர் குறைந்தால் கேஸ் அடிப்பார்கள். அந்தக் கை அப்படியே பழகிவிட்டது. டீச்சர் திட்டவில்லை. அவரைப் படகின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் குனியச் சொன்னார். ஏசியின் தண்ணீர் வெளியே விழும் துளை அங்கே இருந்தது. கொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“லாரியில சூட்டை எங்க விடுவீங்க?”

“காத்துல.”

“இங்க?”

“கடல்ல.”

“கடல் உள்ள வந்தாத்தானே சூட்டை வாங்கிட்டுப் போகும்?”

தவசிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏற்றிய கேஸை இறக்கினார்கள். கடல் தண்ணீர் வரும் வால்வை மூடி, வடிகட்டியைத் திறந்தார்கள். கூடை நிறைய சொறி. கடற்கரையில் அப்படித்தான் பேர், ஜெல்லி மீன் என்று படித்தவர்கள் சொல்வார்கள். கஞ்சி போலக் கொழகொழவென்று கிடந்தது. வாரிக் கொட்டிக் கழுவி மாட்டினார்கள். ஏசி ஓடியது. அறைக்குள் கேப்டனின் மனைவி லில்லியம்மா, “ஆண்டவரே” என்பது கேட்டது. தவசிமுத்துவின் முகம் மலர்ந்தது.

ஒரு டீ குடிக்கிற நேரம்தான். நின்றுவிட்டது.

தவசிமுத்து வடிகட்டியைத் திறந்தார். மறுபடி சொறி.

கழுவினார். ஓடியது. நின்றது.

தவசிமுத்து சட்டையைக் கழற்றிவிட்டுக் கடலில் குதித்தார். படகின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயைச் சுற்றி வலைத்துண்டைக் கட்டிவிட்டு வந்தார். சொறி பட்டு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கி எரிந்தது. வலையில் சொறி அப்பிக்கொண்டது. சொட்டிய தண்ணீரும் நின்றது. மறுபடி குதித்து, கட்டிய வலையை அறுத்தெறிந்தார்.

“படகை வேற பக்கம் இழுத்துட்டுப் போயிருவோமா டீச்சர்?”

“எந்தப் பக்கம்? கரை நெடுக இதுதான் வந்து கிடக்கு.”

“அப்ப அவரைக் கரைக்கு ஏத்திருவோம்.”

லில்லியம்மா வாசலில் வந்து நின்றார். “அசைச்சா வழியிலயே உயிர் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணே.”

தவசிமுத்து இயந்திர அறையில் வடிகட்டியின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“பம்ப்?”

“நல்லாருக்கு” என்றார் டீச்சர்.

“கம்ப்ரஸர்?”

“நல்லாருக்கு.”

“பழுதுன்னு ஒண்ணு இருந்தா பாத்துரலாம். பழுதே இல்லையே. நான் எதைச் சரிபண்ண?”

டீச்சர் வடிகட்டிப் பக்கம் குனிந்தார். வால்வை மூடினார். கூடையை எடுத்தார். சொறியைக் கொட்டினார். மாட்டினார். வால்வைத் திறந்தார்.

தவசிமுத்துவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவரு எப்படியும் போகத்தான் போறாரு. நாம இங்க உக்காந்து சொறி அள்ளிட்டிருக்கோம். என்ன பிரயோசனம் டீச்சர்?”

“உள்ள போயி அவர் பக்கத்துல கொஞ்சம் இருந்துட்டு வாங்க.”

போனார். கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். விலா எலும்பு மெல்ல ஏறி இறங்கியது. லில்லியம்மா கட்டில் காலில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். ஏசிக் காற்று வரும் சதுரத் துளையில் ஒரு நூல் ஆடியது.

நூல் நின்றது. டீச்சர் ஏசியை நிறுத்தி வால்வை மூடியிருப்பார்.

லில்லியம்மா திடுக்கிட்டு எழுந்து செய்தித்தாளை எடுத்து விசிறினார். கேப்டன் கண்ணைத் திறந்தார். அந்தக் கண் துளையையே பார்த்தது. அவர் கை துழாவி, அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே தவசிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்தது. எத்தனையோ கப்பலைத் திருப்பிய கை, எலும்பும் தோலுமாக, விடவே மாட்டேன் என்று இறுக்கியது. வாய் திறந்து திறந்து மூடியது. மூச்சு கிடைக்கவில்லை. தவசிமுத்துவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

நூல் ஆடியது. பிடி மெல்லத் தளர்ந்தது. கேப்டன் கண்ணை மூடினார்.

தவசிமுத்து திரும்பி வந்து டீச்சரின் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டார். வால்வை மூடுவது, கொட்டுவது, மாட்டுவது, திறப்பது. எவ்வளவு விரைவாகச் செய்தாலும் அந்த இடைவெளி இருந்தது. ஒவ்வொரு தடவையும் அறைக்குள் தாள் விசிறும் சத்தம் கேட்டது. கை எரிந்தது. வெயில் சாய்ந்தது. சொறி குறையவில்லை.

“இந்த வேலை எப்பத்தான் முடியும் டீச்சர்?”

“முடியும் அண்ணாச்சி. சீக்கிரம் முடியணும்னு மட்டும் நினைச்சிராதீங்க.”